இறங்கும் முன்பே எழும்பிய பிளெக்ஸ்

திருநகரில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் போடும் ஹாஜராவுக்கு வயது முப்பத்தாறு. ஊரில் பாதிப் பேருக்கு மீசையை அடர்த்தியாக்கியவள் அவள்தான். தொப்பையைக் கரைத்திருக்கிறாள், வழுக்கையில் முடி நட்டிருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு சீக்கிரம் குணமாகாது. படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் ராக்கெட் என்றால் உயிர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு என்று ஓடும் கம்ப்யூட்டரின் ஓரத்தில் விண்வெளிச் செய்தி திறந்தே கிடக்கும். எந்தக் கலம் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால், வெளியூர் போன சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வாள்.

2023 ஆகஸ்ட் இருபத்து மூன்று. மாலை ஆறு மணி சுமாருக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கப் போகிறது. மதியமே அழகுமலை வந்து நின்றான். பக்கத்துத் தெரு நண்பர்கள் குழுவின் தலைவன். பத்துக்கு எட்டு பிளெக்ஸ் வேண்டும், குழுவின் முப்பத்திரண்டு முகமும் அதில் இருக்க வேண்டும், இறங்குவதற்குள் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும்.

"'நிலவை வென்றோம்'னு பெருசா போடுங்கக்கா."

ஹாஜராவின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

"மொதல்ல இறங்கட்டும் தம்பி. ஆறேகாலுக்குப் போட்டுத் தாரேன்."

"என்னக்கா நீங்க! தாலி கட்டுனப்புறமா கல்யாண பிளெக்ஸ் வைப்பாக?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. மதுரைப் பக்கம் பிளெக்ஸ் விசேஷத்துக்கு முந்தி எழும்ப வேண்டும். பிறகு வைத்தால் பந்தி முடிந்து இலை போட்ட கதைதான்.

அந்த வழக்கப்படி நடந்துதான் 2019-இல் அவள் சிக்கினாள். சந்திரயான்-2 இறங்கும் முன்பே 'வென்றோம்' என்று டிசைன் போட்டு, முந்தின சாயங்காலமே அதே ஸ்டாப்பில் நிறுத்தியாகிவிட்டது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் கலத்தின் தொடர்பு அறுந்தது. விடிந்து பார்த்தால் பிளெக்ஸுக்கு எவனோ மாலை போட்டு, ஊதுபத்தியும் செருகியிருந்தான். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஹாஜரா ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டு, அதன் மேல் ஏறி நின்று பிளெக்ஸைக் கிழித்து எடுத்தாள். தன்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் துடைத்துப் போட்டிருப்பாள். ராப்பகலாக உழைத்து அவ்வளவு தூரம் அனுப்பிய மனுசர்களைச் சிரிப்புக்கு ஆளாக்கியது தன் எழுத்துதானே என்பதுதான் ஆறவில்லை.

இப்போதும் நான்கு நாளைக்கு முன்புதான் ரஷ்யாக்காரர்களின் கலம் நிலவில் மோதி நொறுங்கியிருந்தது.

"நீங்க போடலேன்னா எதிர்த்த கடைக்குப் போறேன்" என்றான் அழகுமலை.

அவளுக்கு அதைவிடப் பயம் வேறில்லை. அங்கே யோசிக்காமல் 'வென்றோம்' என்றே அடித்துக் கொடுப்பார்கள். விழுந்தால் மறுபடியும் மாலை, மறுபடியும் ஊதுபத்தி.

"போட்டோவக் குடு. வாசகம் என் இஷ்டம்."

"சரிக்கா. ஆனா நிலா மூஞ்சி பூரா குழியா இருக்கே, கொஞ்சம் பளபளன்னு ஆக்கி விடுங்க."

"அது என்ன உன் மூஞ்சியாடா? அந்தக் குழியப் பாக்கத்தான் இம்புட்டுப் பேரு மெனக்கெடுறாங்க."

ஒரு மணி நேரம் எழுதி எழுதி அழித்தாள். இறங்கினாலும் நிற்க வேண்டும், விழுந்தாலும் நிற்க வேண்டும். அப்படி ஒரு வரி. கடைசியில் மெஷினிலிருந்து வந்தது: 'இவ்வளவு தூரம் போனதற்கே எங்கள் வாழ்த்து.'

ஐந்தரைக்குச் சட்டம் அடித்து நிறுத்தினார்கள். நிமிர்ந்து படித்த அழகுமலைக்கு முகம் தொங்கிப்போனது.

"என்னக்கா, எழவு வீட்டுல ஆறுதல் சொல்ற மாதிரி இருக்கு!"

"ஆறு மணி வரைக்கும் வாய மூடு."

அங்கேயே செல்போனில் நேரலையைத் திறந்தாள். குழு சுற்றி நின்றது. வேகம் குறையக் குறைய அவள் எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். உயரம் இரண்டு கிலோமீட்டர் என்று வந்ததும் கண்ணை மூடித் துவா ஓத ஆரம்பித்தாள். திறந்தது சரவெடிச் சத்தத்தில். கலம் நிலவில் இறங்கி நின்றுவிட்டது!

"அக்கா, இப்பவாவது 'வென்றோம்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவமா?"

"வேணாம்டா. விழுந்துச்சே, அந்த ரஷ்யாக்காரங்களுக்கும் சேத்துத்தான் இது."

"அவய்ங்களுக்குமா?" அழகுமலை பிளெக்ஸை இன்னொரு முறை படித்தான். இந்தத் தடவை மெதுவாக. பிறகு கிட்டே போய் உற்றுப் பார்த்தான். "அது சரி, என் மூஞ்சி ஏன் ஸ்டாம்ப் அளவுல இருக்கு?"

"நிலாவுலருந்து பாத்தா அம்புட்டுத்தாண்டா தெரிவ."

சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். கடையில் புதுமனை புகுவிழா பிளெக்ஸுக்கு ஒரு பார்ட்டி காத்திருந்தது.