எல்லோருக்கும் பூஜ்யம் வந்த ஆராய்ச்சி

எங்கள் ஆராய்ச்சியில் பங்கேற்ற பெண்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் குணமாகிவிட்டார்கள். என் உத்தியோகத்துக்கே ஆபத்து வந்ததும் அந்த வாரம்தான்.

நான் ஓய்வு பெற்ற மதிப்பீட்டாளர். மனநல ஆராய்ச்சிகளில் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போய், கேள்வி கேட்டு, மதிப்பெண் போடுவது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "எப்படி மேடம் இத்தனை வருஷம் அதே கேள்வியையே கேட்டீங்க?" என்கிறார்கள். கேள்வி அதேதான், பதில் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அலுக்காது. பதிலும் ஒன்றாகவே வந்த ஒரே ஒரு முறையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

1. காதைப் பொத்திக்கொண்ட அதிகாரி

இடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. எனக்கு வீடு வேப்பம்பட்டில். மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். போய்ச் சேரும்போதே எனக்குக் கொஞ்சம் மனநல ஆலோசனை தேவைப்படும்.

ஆராய்ச்சி எளிமையானது. மனச்சோர்வு இருக்கும் பெண் தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு எங்கள் ஆலோசகர் ரேவதி வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஒரு முறைப்படி பேசுவாள். எந்த நினைப்பு வருகிறது, அது உண்மையா, நாளை என்ன செய்யலாம் என்று எழுத வைப்பாள். இன்னொரு குழுவுக்கு அவளே ஒரு கையேட்டைக் கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவாள். எந்தக் குழு அதிகம் தேறுகிறது என்பதே கேள்வி.

யார் எந்தக் குழு என்று மதிப்பெண் போடும் எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை சாய்ந்துவிடும். ஆனால் அந்தப் பெண்களுக்கு ரகசியம் என்றாலே வயிறு வலிக்கும். முதலுதவி அறைக்குள் நுழையும்போதே, "மேடம், நான் புக்கு கோஷ்டி" என்று ஆரம்பிப்பார்கள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லாதே, சொல்லாதே" என்று கத்துவேன். இந்த அம்மாவைத்தான் முதலில் யாராவது பார்க்க வேண்டும் என்று அவர்கள் வெளியே போய்ப் பேசிக்கொண்டதாகப் பின்னால் அறிந்தேன்.

2. தூங்கிக்கொண்டே சொன்ன பதில்

ஆறாவது வாரம் மறுமதிப்பீடு. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை, மூன்று என்றால் தினமும் அவஸ்தை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி.

வந்தவர்கள் எல்லோரும் பூஜ்யம். பேச்சுக் குழு, கையேட்டுக் குழு என்ற பாகுபாடே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆராய்ச்சித் தலைவி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"புக்கைக் கையில வாங்கினவங்களுக்குக்கூட முழுசா குணமாயிடுச்சா? நீங்க கேள்வி கேட்டீங்களா, இல்ல நீங்களே நிரப்பிட்டீங்களா?"

என் நேர்மையை அதுவரை யாரும் அப்படிச் சந்தேகித்ததில்லை. சுருக்கென்றது. படிவத்தை நானே நிரப்பினேன் என்று முடிவானால் என் வேலையும் போகும். போனை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவள் கஸ்தூரி. பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இங்கே வாடகை அறையில் தங்கி, பவர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறாள். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வெட்டும் இயந்திரம் அது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும். ஒரு கைக்கு வேலை மிச்சம் என்று ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். அப்புறம் கண் அசந்தால் போச்சு.

"தூக்கம் எப்படிம்மா?"

"நல்லா தூங்கறேன் மேடம். பூஜ்யம்."

சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. உட்கார்ந்தபடியே நிஜமாகவே தூங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மடியில் கிடந்த கையுறையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி கச்சிதமாக வெட்டுப்பட்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன.

விழித்துக்கொண்டவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாத் தூக்கம் இல்ல?"

"மேடம், நீங்க பூஜ்யம் போட்டுக்கோங்க. அந்த ரேவதிப் பொண்ணு நல்ல பொண்ணு. நான் நல்லா இல்லன்னு சொன்னா அவள வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க இல்ல?"

"யார் சொன்னது?"

"தனம் அக்கா. ஃபார்ம் எடுத்துக்கினு டிக் அடிக்க வர்றவங்க எல்லாம் கியூசி, தரம் பாக்க வர்றவங்கன்னு சொல்லிச்சு. ரிஜெக்‌ஷன் வந்தா ஆபரேட்டர் தலைதான் உருளும். அதான் எல்லாரும் ரேவதிய பாஸ் பண்ணி உட்டுட்டோம்."

மற்றபடி அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. டாக்டரம்மா போனில் கேட்டபோதும் "நல்லா கீறேன் டாக்டர்" என்றாள். சூப்பர்வைசரிடம் சொல்லலாமா என்று நான் கேட்டதும் அழுதுவிட்டாள். ஒப்பந்தத் தொழிலாளி, அடுத்த நாளே கேட்டுக்கு வெளியே நிற்பாள். வீடு போய்ச் சேரும் வரை அந்தக் கையுறைதான் கண்ணில் நின்றது. அவளே வாய் திறக்காமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குப் பயமாக இருந்தது.

3. என் அதிபுத்திசாலித்தனம்

தனம், பிரஸ் பகுதியின் லைன் லீடர். குரலை வைத்தே இயந்திரத்தை நிறுத்திவிடுவாள். அவளைக் கேட்டருகே டீக்கடையில் பிடித்து, நான் ஒரு பொய் சொன்னேன். பொய் என்றும் சொல்ல முடியாது, பாதி நியாயம்.

"எல்லாரும் குணமாயிட்டாங்கன்னு எழுதினா, அப்புறம் ரேவதி எதுக்குன்னு திட்டத்தையே மூடிடுவாங்க தனம்."

தனத்தின் கையில் டீ அப்படியே நின்றது. நான் வெற்றி வீராங்கனையாக ரயிலேறினேன்.

மறுநாள், எல்லோரையும் திரும்பக் கேட்க டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் மூன்று. எல்லாக் கேள்விக்கும் மூன்று. ஒருத்தி வாய் நிறையப் போண்டாவோடு, "சோறே எறங்கல மேடம்" என்றாள். இன்னொருத்தி, "சிரிச்சே ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கடைசியில் கஸ்தூரி வந்தாள். அவளும் மூன்றுதான் சொன்னாள். அவள் சொன்னது மட்டும் உண்மை. ஆனால் படிவத்தில் பார்த்தால் போண்டா தின்றவளும் அவளும் ஒன்று. டாக்டரம்மா தாளைப் புரட்டிவிட்டு, "இத்தனை பேரையும் அனுப்பினா நான் யாரைப் பாக்கறது? உங்களை யாரு யோசிக்கச் சொன்னது?" என்றார். கஸ்தூரியை மறைத்து வைத்தது என் புத்திசாலித்தனம்தான். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

4. டை தேய்ந்திருந்தால்

மறுபடி டீக்கடை. தனம் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா மேடம், பாஸ் பண்ணாலும் பேஜாரு, பெயில் பண்ணாலும் பேஜாரு. உங்களுக்கு இன்னாதான் வேணும்?"

முதலில் நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அவள் தொழிலையே, பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் அச்சான டையைப் பற்றியே, கேட்டேன். "பிரஸ்ல டை தேஞ்சுபோனா பீஸ் எப்படி வரும்?"

"ஓரமெல்லாம் பிசிறு அடிக்கும்."

"பிசிறடிச்ச பீஸுக்கெல்லாம் கியூசி ஓகே போட்டா?"

"டை தேஞ்சதே தெரியாது. தேஞ்ச டையிலயே ஓட்டிக்கினு கெடப்பாங்க."

"பீஸ் பிசிறடிச்சதுக்கு ஆபரேட்டர் பொறுப்பா?"

"அவ இன்னா பண்ணுவா பாவம். டைய மாத்தணும்."

"ரேவதி ஆபரேட்டர். அவ பேசுற முறைதான் டை. அது யாருக்குச் சரியா வருது, யாருக்கு வரலன்னு பாக்கத்தான் நான் வர்றேன். ரேவதிக்கு நான் மார்க் போடல."

தனம் டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "அப்போ நாங்கல்லாம் பீஸா?"

"நானும்தான்."

"இத மொதல் நாளே சொல்றதுக்கு இன்னா? ஃபார்ம தூக்கிக்கினு வந்து கெத்தா குந்திக்கினே, காதப் பொத்திக்கினே. எங்களுக்கு இன்னா தெரியும்?"

அவள் கேட்டது நியாயம். குழு பிரிப்பது, ரகசியம் காப்பது எல்லாவற்றையும் யோசித்த நாங்கள், யாரைச் சோதிக்கிறோம் என்று சோதிக்கப்படுகிறவர்களிடம் சொல்லவில்லை. படிவம் வந்தால் யாரோ ஒருவருக்கு வேலை போகும் என்பதுதான் அந்தத் தொழிற்பேட்டையில் அவர்கள் கண்ட அனுபவம்.

மறுநாள் காலை, தனம் கஸ்தூரியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தன் லைனில் யார் தூங்கி வழிகிறாள் என்று அவளுக்குத் தெரியாதா?

"நெசத்த சொல்லுடி. இவங்க கியூசி இல்லயாம், டை பாக்க வந்தவங்களாம்" என்றாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து கஸ்தூரியை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டாள். காரணம் கேட்ட சூப்பர்வைசருக்கு என்ன பதில் கிடைத்ததோ, அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

கஸ்தூரி ஒரு மணி நேரம் பேசினாள். மகள் இல்லாத அறையில் கண்ணை மூடினாலே நெஞ்சு அடைக்கிறதாம். ரேவதியின் ஆறு வாரப் பேச்சு தனக்குக் கொஞ்சமும் உதவவில்லை என்று சொல்லும்போது, ஏதோ தான் தப்பு செய்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா அவளிடம் ஒன்று சொன்னார். "மாத்திரை ஒருத்தருக்குக் கேக்கும், ஒருத்தருக்குக் கேக்காதுன்னா ஒத்துக்கறோம். பேச்சும் அப்படித்தான். உன்மேல தப்பு இல்ல, வேற வழி பாப்போம்." தூக்கத்துக்கென்றே உள்ள வேறு ஒரு சிகிச்சை, கொஞ்ச நாள் மருந்து, மகள் அவளோடு வந்து தங்க ஓர் ஏற்பாடு. மெல்லத் தேறினாள்.

எதற்காக என்று சொல்லிவிட்டு எல்லோரையும் மறுபடி முறையாகக் கேட்டோம். பேச்சுக் குழு கையேட்டுக் குழுவைவிட ஓரளவு தேறியிருந்தது. சிலருக்குக் கையேடே போதுமாயிருந்தது. சிலருக்கு இரண்டுமே உதவவில்லை. பூஜ்யங்களைப் பார்த்து நான் அடைந்த பெருமையில் கால்பங்குகூட இதில் இல்லை, ஆனால் இது நிஜம். புதிதாக வரும் பிள்ளைகளே, படிவத்தைத் தொடும் முன் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்றால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள்.

5. கடைசி நாள்

ஓய்வு பெற்ற அன்று அந்தக் கம்பெனிக்கு விடைபெறப் போனேன். முதலுதவி அறையில் கஸ்தூரி என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னை எதிரே உட்காரச் சொன்னாள். மேஜையிலிருந்து ஒரு காலிப் படிவத்தை எடுத்துக்கொண்டாள். தனம் கதவருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் எப்படி மேடம்?"

இனிமேல் எந்த ரயிலையும் பிடிக்க வேண்டாம் என்ற நினைப்பில் தூக்கம் வராமல் நான் ஒரு மாதமாகப் புரண்டுகொண்டிருந்தேன். அதை இவர்களிடம் போய்ச் சொல்வதா?

"நல்லா தூங்கறேன். பூஜ்யம் போட்டுக்கோ."

கஸ்தூரி எழுதவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து விரல்களும் சூடாக இருந்தன.

"நானும் இப்படித்தான் சொன்னேன் மேடம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"சரி, ரெண்டு போட்டுக்கோ."