ஆனி மாதத்தில் நின்ற கம்ப்யூட்டர்

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஒத்தக்கடையில் பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு வெப்சைட் அசலா போலியா என்று கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது என்பதை, நான் செய்த தப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஆடித் தள்ளுபடியில் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினேன். எங்கள் வீட்டில் ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டோம். ஆவணி வரை சும்மா வைக்கவும் மனம் வரவில்லை. அதனால் தேதி தானாகச் சரியாகும் வசதியை நிறுத்திவிட்டு, அதிலிருந்த தேதியைப் பதினைந்து நாள் பின்னுக்குத் தள்ளி, ஆனியில் ஒரு நல்ல நாளாக வைத்து, சூடம் காட்டி முதல் பிரிண்ட் எடுத்தேன். பிறகு அதை அப்படியே மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி அனுப்ப, அன்று ஐந்து மணிதான் கெடு. அப்போதே மணி நாலு. அதுவரை மற்ற சைட்டெல்லாம் ஒழுங்காகத் திறந்தன. இந்தக் கவுன்சிலிங் சைட் மட்டும் சிவப்பு எச்சரிக்கை காட்டியது.

"சைட்டுல கோளாறும்மா. கீழ ஒரு வழி இருக்கு, அமுக்கி உள்ள போயிருவோம்" என்றேன்.

மகள் விடவில்லை. "வேணாம் மாமா. பாஸ்வேர்டு போடணும். டூப்ளிகேட் சைட்டா இருந்தா என் சீட்டு போச்சு."

"அடியே, மணியப் பாரு! இவ கொழம்புக்கே மூணு தரம் உப்புப் பாக்குறவண்ணே" என்றார் அம்மா.

மகள் அந்த சைட்டின் சான்றிதழைத் திறந்தாள். ஆமாம், சைட்டுக்கும் சான்றிதழ் உண்டு. இந்த முகவரி இவர்களுடையதுதான் என்று, கம்ப்யூட்டர் நம்புகிற ஒரு நிறுவனம் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. வேறு யாராவது அதைத் திருத்தினால் கையெழுத்து ஒத்துப்போகாது. எந்தத் தேதியிலிருந்து எதுவரை செல்லும் என்பதும் அதில் இருக்கும். சைட்டைத் திறக்குமுன் கம்ப்யூட்டர் அத்தனையையும் சரிபார்க்கும்.

"மாமா, இத மூணு நாளைக்கு முன்னாடிதான் புதுப்பிச்சிருக்காங்க. உங்க கம்ப்யூட்டருக்கு அந்த நாளே இன்னும் வரல. ஏன் இது இம்புட்டுப் பின்னாடி நிக்கிது?"

நான் வெட்கத்தோடு காரணத்தைச் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆடிக்குப் பயந்து கம்ப்யூட்டர ஆனிக்கு அனுப்பிட்டீகளாண்ணே!"

தேதியைத் திருத்தியதும் சிவப்பு போய் சைட் திறந்தது. அப்போதும் அந்தப் பெண் அவசரப்படவில்லை. முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். போலி சைட்டும் தன் முகவரிக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாமாம். நாம் வந்திருப்பது சரியான முகவரிக்குத்தானா என்று நாம்தான் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

எல்லாக் கல்லூரியையும் குறித்து அனுப்பியபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிரிண்டரிலிருந்து வந்த சீட்டை அம்மா இரண்டு கையாலும் வாங்கி, முதல் வரியிலிருந்த கல்லூரியின் பெயரைக் கடைக்கே கேட்கும்படி வாசித்தார்.

"மெதுவாம்மா" என்றாள் மகள்.

"இன்னொருக்க வாசிக்கிறேன், இருடி" என்றார் அவர்.