உண்மைச் சம்பவமும் ஹெலனும்

“பொய்!” என்றாள் ஹெலன், திரையைப் பார்த்து. படத்தில் இன்னும் பெயர்கள்கூடப் போட்டு முடியவில்லை. முன்வரிசைக்காரர் திரும்பினார். “இன்னா சார் பாக்குறீங்க? கார்மெண்ட்ஸ்ல எவளாவது காலங்காத்தால மெஷினை உட்டுட்டு டான்ஸ் ஆடுவாளா? டார்கெட்டை யாரு முடிக்கிறது, உங்க அத்தையா?” பக்கத்தில் இருந்த நான் பாப்கார்னுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

லிங்கராஜபுரத்தில் என் கீழ்வீட்டுக்காரி. தங்கவயல் பெண். தையலுக்குச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவள். காய்காரரிடம் கன்னடத்திலும் கர்த்தரிடம் தமிழிலும் சண்டை போடுவாள். சில வருடங்களுக்கு முன் கம்பெனி தீப்பிடித்தபோது, பூட்டிக் கிடந்த பின்கதவை அயர்ன் டேபிளால் இடித்துத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்ட பெண்களை வெளியே தள்ளியவள் இவள்தான். அதைத்தான் பெயர்களை மாற்றிப் படமாக எடுத்திருந்தார்கள்.

படத்தில் கதாநாயகன் பைக்கில் வருகிறான். ஒரே உதையில் கதவு போய்விடுகிறது. மயங்கிக் கிடக்கும் சூப்பர்வைசரைத் தூக்கிக்கொண்டு ஸ்லோமோஷனில் நடக்கிறான். “என்னைத் தூக்கினு வர்றானாம்! எழுபத்தெட்டு கிலோடா நானு. இடுப்பு ஒடிஞ்சிரும், ஸ்வல்ப பார்த்துத் தூக்கு!”

எனக்கும் எரிச்சல்தான். அத்தனை புகையிலும் ஒருத்திக்கும் மை கலையவில்லை. குரங்கு கையில் பூமாலை.

வாரம் முழுக்கத் தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், பஸ்ஸில் என்று எங்கும் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் திட்டுவாள். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சிரிப்பு வராது. படத்தில் யாருமே சாகவில்லை. நிஜத்தில், அவளோடு வேலை பார்த்த வனஜா வெளியே வரவில்லை. அவ்வளவு சோகத்தை ரசிகர்கள் தாங்க மாட்டார்கள் என்று இயக்குநர் பேட்டியில் சொல்லியிருந்தார்.

“தாங்க மாட்டாங்களாமா? நாங்க தாங்கினுதானே இருக்கோம்?”

வனஜாவின் அம்மா தாயம்மா அடுத்த தெருவில் இருக்கிறார். யாரோ கதையைச் சொல்லிவிட, ஹெலன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஹெலனு, படத்துல எம் பொண்ணு பொழைச்சிக்கிறாளாமே. ஒருவாட்டி கூட்டினு போறியா?”

“அது பொய்ப் படம் பெரிம்மா. உங்களுக்கு வேணாம். மனசுதான் கெட்டுப்போவும்.”

தாயம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று பேருமாகப் போனோம். பாட்டு வந்தது, பைக் வந்தது. ஹெலன் நெளிந்தாள், பல்லைக் கடித்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் புகைக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராக ஓடிவந்தார்கள். நீலச் சுடிதார் போட்ட ஒருத்தி, சடைகூடக் கலையாமல், சிரித்தபடி வெளியே வந்தாள். தாயம்மா எழுந்தே விட்டார்.

“ஹெலனு, அது நம்ம வனஜாவா?”

ஹெலன் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு தாயம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.