அவள் பெயருக்கு நான் சொன்ன ‘ஓம்’

அப்பா தாலுகா ஆபீசுக்குக் கொடுத்த மனுவின் கார்பன் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. “எங்கள் காலனிக்கு எதிரேயுள்ள முகாமில் வசிக்கும் இலங்கை அகதிகளுக்கும் எங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று அது தொடங்குகிறது. நாளும் மாதமும் தெளிவாக இருக்கின்றன. ஆண்டின் கடைசி இலக்கத்தின் மேல் மடிப்பு விழுந்து எழுத்து அழிந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எழுதியது என்பதில் சந்தேகமில்லை. கார்பன் தாளை என் டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்தவள் நானே.

நாங்கள் ‘தாயகம் திரும்பியோர்’. அரசாங்கம் வைத்த பெயர் அது. அப்பா பிறந்தது இலங்கை மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது அவர் இந்தியாவின் பங்கில் விழுந்தார். அவர் ‘திரும்பி வந்த’ புதுக்கோட்டைச் சீமையை அதற்கு முன் அவரும் பார்த்ததில்லை, அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. இலுப்பூர் போகிற ரோட்டின் வடபக்கம் எங்கள் காலனி. தென்பக்கம் முகாம். முகாமில் இருந்தவர்கள் பிற்பாடு சண்டைக்குத் தப்பிப் படகில் வந்தவர்கள். மன்னார், வவுனியா என்று ஊர் சொல்வார்கள். சட்டப்படி நாங்கள் குடிமக்கள், அவர்கள் அகதிகள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அவர்களுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் சிலோன்காரங்க.

ரோட்டோரத்து அடிபம்பு இரண்டு பக்கத்துக்கும் பொது. எந்தப் பக்கத்து வாழ்வு மேல் என்ற விசாரணை தினமும் அங்கேதான் நடக்கும்.

“அவுகளுக்கு மாசம் பொறந்தா காசு, அரிசி, ஓசிக் கரண்டு. நமக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெரல்ல மை” என்பாள் அம்மா.

“உங்களுக்கு நாடு இருக்குத்தானே அக்கா” என்பார் முகாமின் ஆறாம் நம்பர் வீட்டுப் பெண்.

“நாட்டை வச்சு நாக்கு வழிக்கவா?”

இருவரும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்குவார்கள். ஆனால் சிரிப்புக்கு அடியில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முகாம் ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போனார்கள். எங்கள் ஆண்கள் தைலமரக் காட்டில் பட்டை உரித்தார்கள். கூலி அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் அவர்கள் இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். எங்களை யாரும் தேட மாட்டார்கள். முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர முகாம் சீட்டு ஒன்றே போதும். என் அண்ணனைப் பெரிய பள்ளியில் சேர்க்கப் போனபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். தாத்தா இந்த ஊரில் இருந்ததற்கு அத்தாட்சி கொண்டா என்றார்கள். அதே முகாம் சீட்டு, படித்து முடித்த பிறகு எந்த அரசாங்க வேலைக்கும் உதவாது என்பதை அம்மா பம்பில் சொல்லமாட்டாள். அதை அவர்கள் சொல்ல வேண்டும், அவர்களும் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இந்த ஒப்பீடு விளையாட்டாக இல்லை. மனைப் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனவரிடம் ஒரு குமாஸ்தா, “முகாம் அட்டை கொண்டாந்தியா?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து காலனியில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அப்பாவின் பேச்சு ஒன்றுதான். நாம் வேறு, அவர்கள் வேறு. சேர்த்துப் பார்க்க விட்டால் நமக்கு ஒன்றும் கிடைக்காது.

முகாமில் மாதம் ஒருமுறை செக்கிங் நடக்கும். அதிகாரி வந்து கார்டு வாரியாகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் நேரில் நிற்க வேண்டும். அப்பா அதைப் ‘பெரட்டு’ என்பார். தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்கு அந்தப் பெயர். “பெரட்டுல நின்னு நின்னே எங்கப்பா காலு வளைஞ்சுபோச்சு. நாம அதைத் தாண்டி வந்துட்டோம். அவுங்க இப்பத்தான் நிக்கிறாங்க” என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

ஆறாம் நம்பர் அக்காவுக்குக் கணவர் இல்லை, இலங்கையிலேயே இறந்துவிட்டார். ஒரே மகள். என் வயது, என் வகுப்பு. அவளையும் என்னையும் டீச்சரே பெயர் மாற்றிக் கூப்பிடுவார். அப்படி ஒரு சாயல். அந்தப் பெண் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. செக்கிங்குக்கு முந்தின நாள் அக்கா பம்படியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவளைச் சித்தப்பா குடும்பத்தோட அனுப்பிப்போட்டன் அக்கா. கரையில நிக்கினம். வெளிநாடு போற படகு வந்தால் ஏறிவிடுவினம். நாளைக்குப் பெயர் கூப்பிடேக்க அவளைக் காணேல்லை எண்டால் கார்டை நிப்பாட்டுவாங்கள். அதுகூடப் பரவாயில்லை. எங்கை எண்டு தேடத் துவங்கினால் கரையில நிக்கிறவையும் மாட்டிக்கொள்ளுவினம். உங்கட மகளை ஒருக்கா நிப்பாட்டினால் போதும்.”

“எம்புள்ள மாட்டிக்கிட்டா?”

“அச்சு அசல் அவள்தானே. ஆருக்குத் தெரியும்?”

அம்மா வெகுநேரம் பம்பை அடித்தாள். குடம் நிறைந்து வழிந்தது. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பங்கு அரிசி பிறகு ஒரு மஞ்சள் பையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் முகாம் அரிசியைப் பற்றி அம்மா பம்படியில் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குப் பயிற்சி நடந்தது. ‘ஆமா’ என்று சொல்லக்கூடாது, ‘ஓம்’ என்று சொல்ல வேண்டும். ‘இங்கிட்டு, அங்கிட்டு’ வாயில் வரவே கூடாது. ஊர் கேட்டால் வவுனியா. நான் வீட்டுக்குப் பின்னால் கொய்யாமரத்தைப் பார்த்து ஓம், ஓம் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

“என்னடி, மரத்துக்குப் பூசை போடுறியா?” என்றான் அண்ணன்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா காட்டுக்குப் போன பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். வேப்பமரத்தடியில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் நான் யாரென்று தெரியும். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் எங்காவது நல்லபடியாக இருக்கக்கூடும்.

“ஓம்” என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். “எந்த ஊரு பாப்பா?” என்றார்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் எங்களைக் கேட்பார், நம்ம ஊர் எது என்று. அவர் பிறந்த தோட்டத்தைச் சொல்ல வேண்டும், புதுக்கோட்டை என்று சொன்னால் முகம் சுருங்கும். மனு எழுதும்போது மட்டுமே அவர் புதுக்கோட்டைக்காரர். நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மூனாங்கட்டைத் தோட்டம்.”

“வவுனியான்னுல்ல போட்டிருக்கு?”

வரிசையில் யாரோ இருமினார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அப்போது அக்கா பேசினார்.

“அது எங்கம்மா பொறந்த தோட்டம், சார். வீட்டுல சொல்லிச் சொல்லி, புள்ளைக்கு அதுதான் வாயில வருது. ரெட்டைப் பீலிக்கு மேல, கடைசி லயத்து வீடு.”

“பீலியா? அது என்னம்மா?”

“தண்ணி விழுற எடம், சார். மலையில இருந்து வர்ற தண்ணியத் தகரம் வச்சுத் திருப்பிவிட்டிருப்பாங்க. பொம்பளைங்க அங்கதான் குளிப்பாங்க.”

“பீலி” என்று அதிகாரி ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். பெயருக்கு நேரே டிக் விழுந்தது. “அடுத்த கார்டு.”

திரும்பி வரும்போது எனக்கு ஒரே ஆச்சரியம். நான் அவரைப் போலப் பேச ஒரு சாயங்காலம் முழுக்கப் பழக வேண்டியிருந்தது. அவரோ ஒரு நொடியில் என் அப்பாவைப் போலப் பேசிவிட்டார். பொய் சொல்வதில் இவ்வளவு கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன்.

வாயை மூடிக்கொண்டிருக்க அம்மா கண்ணைக் காட்டியும் என்னால் முடியவில்லை. இராத்திரிச் சாப்பாட்டில் நடந்ததை எல்லாம் நடித்தே காட்டினேன், அதிகாரி பேனா மூடியது வரைக்கும். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா குழம்புச் சட்டிக்குள் பார்வையை விட்டுக்கொண்டாள். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா கேட்டது வேறு.

“ரெட்டைப் பீலின்னா சொன்னுச்சு?”

“ஆமாப்பா.”

“நீ எப்பவாவது அதுகிட்ட சொன்னியா?”

“இல்லப்பா. பீலின்னா என்னன்னே எனக்குச் சரியாத் தெரியாது.”

“கடைசி லயம்னுமா?”

தலையாட்டினேன். தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே அப்பா கையைக் கழுவினார். பிறகு அம்மாவிடம், “அதோட அம்மா பேரு என்ன?” என்றார்.

“எனக்கென்ன தெரியும்? போய்க் கேட்டுட்டு வாரேன்.”

“வேணாம்.”

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தார் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி வேறு குடும்பக் கார்டுக்குப் போனவர். கணவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வராததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். அப்புறம் ஒரு கலவரத்தில் மலையைவிட்டு இறங்கி வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியிருப்பதாக ஒரு கடிதம் வந்தது. அதுவே கடைசிக் கடிதம். அப்படி மலையிலிருந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர் பின்னால் அகதிகளாக இங்கே வந்தார்கள் என்பதை நான் பெரியவளான பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து வயதில் எனக்கு அந்த அத்தை ஒரு கதை. ஆறாம் நம்பர் அக்கா இன்னொரு கதை.

மனுவில் உள்ள நாளையும் மாதத்தையும் வைத்துப் பார்த்தால், அப்பா அதை எழுதியது இந்தச் சனிக்கிழமைக்கு முன் அல்ல, பின்.

அடுத்த செக்கிங் வார நாளில் வந்தது. அப்பா அன்று காட்டுக்குப் போகவில்லை. என்னையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, லீவு யாருக்குக் கசக்கும்? அக்கா ரோட்டைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார். கரையில் இன்னும் படகு கிடைக்கவில்லை என்று முந்தின நாள்தான் அம்மாவிடம் அழுதிருந்தார். அப்பா வாசலை மறித்து நின்றார். நான் அவர் பக்கத்தில் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“மாமா” என்றார் அக்கா.

அதற்கு முன் அவர் அப்பாவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

அப்பா தொண்டையைச் செருமினார். “புள்ளைக்கு ஒடம்பு சரியில்லம்மா” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கொய்யாக்காயைப் பார்த்தார். அப்புறம் அப்பாவை நிமிர்ந்து பார்த்து, “சரி மாமா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் எதிர்ப்பக்கம் பெயர்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் பெயரும் வந்தது. பதில் இல்லாததால் மறுபடியும் கூப்பிட்டார்கள். எங்கள் வாசலில் நின்றபடி நான் வாயைத் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அப்பா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்று மதியமே ஒரு ஜீப் வந்தது. அக்காவை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறாம் நம்பர் கதவில் பூட்டுத் தொங்கியது. வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பம்படியில் சொன்னார்கள். எந்த முகாம் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள்.

எங்களுக்குப் பட்டா வந்தது, அந்த மனுவால் அல்ல. பல வருடங்கள் கழித்து எல்லோருக்கும் வந்தபோது எங்களுக்கும் வந்தது. முகாமில் இப்போது கான்கிரீட் வீடுகள் எழும்பியிருக்கின்றன. எங்கள் காலனி ஓடுகள் அப்படியே இருக்கின்றன. பம்பு இருந்த இடத்தில் குழாய் வந்துவிட்டது. அங்கே நிற்பவர்கள் இன்னமும் எந்தப் பக்கம் மேல் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா சாகும்வரை முகாம் பக்கத்து ரோட்டோரத்தில் நடந்ததில்லை. பஸ்ஸுக்குக்கூட இந்தப் பக்கமே நின்று கைகாட்டுவார்.

எனக்கு அன்று புரியாமல் போனது ஒன்றே ஒன்று என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என்று கூப்பிட்டவர் ஏன் திடீரென்று மாமா என்கிறார்? அப்பாவுக்கு நரைத்துவிட்டதோ என்று சாயங்காலம் அவர் தலையை உற்றுப் பார்த்தேன். இரண்டு மூன்று வெள்ளை முடிகள் இருந்தன. விடை கிடைத்துவிட்டதாக நினைத்து விளையாடப் போய்விட்டேன்.

அத்தையின் கடைசிக் கடிதத்தைப் பிற்பாடு தேடினேன், எங்கள் வீட்டில் கிடைக்கவில்லை. வவுனியாப் பக்கத்தவர்கள் மரியாதைக்கு யாரையும் மாமா என்று கூப்பிடுவதுண்டு என்று முகாமில் ஒரு பெரியவர் சொன்னார். தாய்மாமனைத் தவிர வேறு யாரையும் அந்தத் தொனியில் கூப்பிடமாட்டார்கள் என்று அவர் மனைவி சொன்னார். ஆகவே உறவு உறுதியாகவில்லை. கரையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு, விசாரணை அங்கே போய்ச் சேர்வதற்குள் படகு கிடைத்ததா என்பதையும் என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.