ஆதி தாளத்தில் ஒரு கியூபா நடனம்

யுத்த காலத்தில், தொண்ணூறுகளின் நடுவில், மகளின் பியானோ வகுப்புக்காகச் சனிக்கிழமைதோறும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவோம். புறக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். குண்டுப் பயத்தில் என் கணவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: முந்திய வருடம் தவறிய பரீட்சையில் இம்முறையும் தவறினால் வகுப்பு நிற்கும். மகளுக்குப் பதின்மூன்று வயது. அந்த வகுப்பைத் தவிர வேறெதையும் அவள் எங்களிடம் கேட்டதில்லை.

பரீட்சைக்குரிய உருப்படிகளில் ஒன்று ஹபனேரா. கியூபாவின் நடனத் தாளம் ஒன்றில் மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் எழுதியது. வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும்: நீளமாக ஒன்று, அதன்பின் குட்டியாக ஒன்று, பிறகு சமமாக இரண்டு.

எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு எட்டு. எட்டென்றால் ஆதி தாளம்! பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டுப் படித்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் மாலை ஐந்து முதல் ஐந்தே முக்கால் வரை பியானோவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து தாளம் போட்டேன். என் தட்டுகள் ஒன்று, ஐந்து, ஏழில் விழுந்தன. அவளுடைய இடக்கையும் அங்கேதான் விழுந்தது.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் டீச்சர் வாசிப்பை இடையில் நிறுத்தினார். மாதா கோயிலில் ஓர்கன் வாசிப்பவர் அவர்.

“மகள், அந்தக் குட்டி நோட்டை ஏன் விழுங்குறீங்க? பசியா?”

“விழுங்கேல்லை டீச்சர். சத்தம் குறைச்சு அடிக்கிறன்.”

“இடுப்பு வளையிறதே அந்த நோட்டிலதான். இதுக்கு ஆடினா ஆள் நொண்டும். ஆர் சொல்லித் தந்தது?”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மாதான் தாளம் போடுறவ.”

“எங்க, எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்க.”

போட்டுக் காட்டினேன். அந்தக் குட்டி நோட்டு விழுவது நாலில். ஆதி தாளத்தில் நாலு, நடுவிரலைத் தொட்டுச் சத்தமில்லாமல் எண்ணும் இடம். நான் தட்டிய இடங்களில் அவள் அழுத்தினாள். விரல் எண்ணிய இடத்தில் அடக்கினாள். ஆறு கிழமை அப்படியே பழகியிருந்தாள்.

“கியூபாக்காரரைத் தேவாரம் பாட வச்சிட்டீங்களே!” என்று டீச்சர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு திரும்பப் பஸ் ஏறினோம். பம்பலப்பிட்டி தாண்டியதும் மகள் என் கையை எடுத்து முன் இருக்கையின் கம்பியில் வைத்தாள்.

“நாலுக்கு மட்டும் தட்டுங்கோ அம்மா. நல்லாக் கேக்க வேணும்.”

அன்று மாலையே தொடங்கினோம். மற்றத் தட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு, நாலுக்கு மட்டும் நடுவிரலை மடக்கிப் பியானோவின் பக்கப் பலகையில் தட்டினேன். ஐந்தாம் நாள் விரல் மூட்டு வீங்கியதால் அகப்பைக்கு மாறினேன்.

பரீட்சையன்று மூடிய கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு சுற்றிலும் நாலு தவறவில்லை.

பெறுபேறு வந்தபோது கணவர்தான் கடிதத்தைப் பிரித்தார். இரண்டு தரம் வாசித்தார். மகள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப, சனிக்கிழமை வெள்ளன வெளிக்கிடுங்கோ. சாவடியிலை சனம் கூடுறதுக்கு முதல் தாண்டிப்போடலாம்” என்றார்.