தங்கையிடம் வாங்க முடியாத கருமுட்டை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கழுத்திலிருந்து நெற்றிவரை சூடு ஏறியது. பக்கத்தில் யாருக்கும் வியர்க்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கர்ப்பம் என்று நினைத்து, நானும் என் கணவர் சேகரும் யாரிடமும் சொல்லாமல் சந்தோஷப்பட்டிருந்தோம்.

வேலூரில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டது (கருமுட்டை உருவாவது உரிய வயதுக்கு முன்பே நின்றுபோவது) என்றார். கருப்பையில் குறையில்லை. வேறொரு பெண்ணின் கருமுட்டை கிடைத்தால் நான் சுமக்கலாம்.

என் தங்கை கோகிலா இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "நான் தர்றேன்க்கா" என்று அவளே கிளம்பி வந்தாள்.

"சட்டம் ஒத்துக்காதும்மா. கருமுட்டை பேங்க் மூலமா, யாருன்னே தெரியாதவங்ககிட்ட இருந்துதான் வாங்கணும். அவங்களும் ஆயுசுல ஒரு வாட்டிதான் தரலாம். ஏழு முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

"சொந்தத் தங்கச்சி தந்தா இன்னா தப்பு?" என்று கேட்டேன்.

"வீட்லயே கட்டாயப்படுத்தினா அந்தப் பொண்ணு யார்கிட்ட போய்ச் சொல்லும்?"

கோபத்தோடு கோகிலாவைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா தாண்டியதும் கோகிலா மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டரம்மா முடியாதுன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுக்கா. ஊசின்னாலே பயம். ஆனா நீ அழுவறதப் பாக்கவும் முடியல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மனமொப்பித் தருபவளையும் மறுக்க முடியாமல் தருபவளையும் வெளியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

முகம் தெரியாத ஒருத்தியின் ஏழு முட்டைகளைச் சேகரின் விந்தணுவோடு சேர்த்ததில் இரண்டுதான் நல்ல கருவாக வளர்ந்தன. முதலாவதை என் கருப்பையில் வைத்தார்கள், தங்கவில்லை. அடுத்ததும் போனால் அவளிடம் மறுபடி கேட்க வழியில்லை. இன்னொருத்திக்காகக் காத்திருக்க வேண்டும். இதே சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளே விளக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தங்கியது. இப்போது ஆறாம் மாதம்.

சினைப்பைக்கு வயதாகிவிட்டது, கருப்பையோ இப்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறது. உள்ளே வளர்வது, பேங்கில் சொன்ன வயதுப்படி, என்னைவிட இளைய ஒருத்தியின் முட்டை.

"டாக்டரம்மா, இப்போ என் உடம்புக்கு இன்னா வயசு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "எந்தப் பாகத்துக்கும்மா கேக்குற?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் இன்றும் ஒவ்வொரு பாகமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.