கீழ்மூலைக் கட்டம்

இருபத்திரண்டு வருடங்களாக எங்கள் அக்கா வரைந்த கட்டட வரைபடங்களில் வேறு யார் யாரோ கையெழுத்துப் போட்டார்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கிறவர் பதிவுபெற்ற வடிவமைப்பாளராக இருக்க வேண்டும் என்பது சட்டம். “புள்ள என்னுது, இனிஷியல் மட்டும் அவங்களுது” என்று சிரிப்பாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

ஐம்பது வயதில் அந்தப் பதிவுக்கான தேர்வெழுதினாள். நேர்காணலில் மூன்று பேர் குடைந்தெடுத்தார்கள். பதிவு எண் வந்த அன்று அதை உள்ளங்கையில் எழுதிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

மறுவாரம் முதலாளி, தன் மருமகன் வரைந்த ஆறுமாடி வரைபடத்தை அவள் முன் விரித்தார். “போடுங்கம்மா, எத்தனை வருஷக் கனவு!”

பேனாவைத் திறந்தவளின் கண் பழக்கதோஷத்தில் அவசரப் படிக்கட்டுக்குப் போனது. நான்காம் மாடியில் அதன் கதவு மாடியின் உள்பக்கமாகத் திறப்பதுபோல் வரைந்திருந்தது. தீப்பிடித்துக் கூட்டம் நெருக்கினால் அதை இழுத்துத் திறக்க முடியாது.

அவள் அதைச் சுட்டிக்காட்டியதும் முதலாளி, “அதை அப்புறம் திருத்திக்கலாம். இன்னைக்கே அனுப்பணும்.”

“அப்போ கையெழுத்தையும் அப்புறமே போட்டுக்கலாம் சார்.”

பேனாவை மூடியவள், கீழ்மூலையில் காலியாக இருந்த கையெழுத்துக் கட்டத்தை விரலால் தடவினாள். அந்த அலுவலகத் தாள்களுக்கு அந்தக் கட்டத்தை முதன்முதலில் வரைந்ததே அவள்தான். தன் பெயர் அடங்குமா என்று பார்த்துத்தான் அன்றே அகலம் வைத்திருந்தாள்.